ஏர்த்

தொண்ணூறாயிரம் என்றான் நுஸ்கி,
அதுக்கு மேல் ஒரு சதமும் இல்லை.
கத்தாரில் லொறி ஓட்டிச் சேர்த்தது முழுக்க
அந்தப் பழைய ஸ்டார்லட்டின் டர்போவுக்குள் போயிருந்தது.

அவனுக்கு வேண்டியது
டாஷ்போர்டில் சிவப்பாய் எரியும் பூஸ்ட் மீட்டர்,
பக்கத்தில் இருப்பவன் வாய் பிளக்க.
எனக்கு வேண்டியது
யார் கண்ணிலும் படாத இரண்டு:
புகைக்குழாயில் ஒட்சிசனை முகரும் வைட்பேண்ட்,
பெற்றோல் வரும் வழியில்
நாடி பிடிக்கும் பித்தளைக் குமிழ்.
மிச்சத்துக்கு ஒரு லொகர்.

போனில் படம் காட்டும் மலிவுப் பெட்டியொன்றும் கொண்டுவந்திருந்தான்.
செக்கனுக்கு நாலு புள்ளி வைக்கும்.
ஐயாயிரத்து நானூறில் இந்த எஞ்சின்
செக்கனுக்குத் தொண்ணூறு தரம் சுற்றும், நுஸ்கி,
இந்தப் புள்ளிக்கும் அந்தப் புள்ளிக்கும் நடுவில்
இருபத்திரண்டு சுற்று.
பிஸ்டன் ஒன்று உருகி ஒழுக
அது காணும்.
பேசாமல் பெட்டியைப் பைக்குள் வைத்தான்.

வைட்பேண்டை டர்போவிலிருந்து ஒரு முழம் தள்ளி,
வேர்த்த நீர் தேங்காமல் சற்றே சரித்துப் பொருத்தினேன்.
முதல் ராவே பொய் சொன்னது.
ஹெட்லைட் போட்டால் பன்னிரண்டு,
அணைத்தால் பதினொன்று.
பெற்றோலுக்கு வெளிச்சம் தெரியுமா?
அரை மணிநேரம் காருக்கடியில் மல்லாந்து கிடந்து
கண்டுபிடித்தேன்:
லைட்டின் ஏர்த்தும் சென்சரின் ஏர்த்தும்
துருப்பிடித்த ஒரே போல்ட்டில்.
கழற்றி, உரசி,
கணக்குப் பார்க்கும் பெட்டி நிற்கும் மண்ணிலேயே
சென்சரையும் நிற்கவைத்தேன்.
பிறகு லைட்டைப் போட்டோம், அணைத்தோம், போட்டோம்.
பதினொன்று. பதினொன்று. பதினொன்று.

மாசி மாதம்.
மல்வத்தை றோட்டில் பாதி, தார்ப்பாய் போர்த்திய நெல்,
மற்றப் பாதியில் நாங்கள்.
மூன்றாம் கியர்.
மிதித்தான்.
முதுகு சீட்டுக்குள் புதைந்தது.
"பறக்குதுடா மச்சான்!"
என் மடியில் லெப்டொப்,
பதினொன்றரையில் நிற்கவேண்டிய கோடு
பதின்மூன்றுக்கு ஏறுகிறது.
"காலை எடு. எடுடா!"
எடுத்தான்.
சம்மாந்துறை வயல் முழுக்கத் தவளைச் சத்தம்.

வைட்பேண்ட் மட்டும் இருந்திருந்தால்
பெற்றோலைக் கூட்டி எழுதியிருப்பேன்,
கோடு இறங்கியிருக்கும்,
கொத்து வாங்கித் தின்றுவிட்டு வீடு போயிருப்போம்.
மற்றக் கோடு விடவில்லை.
பூஸ்ட் ஏற ஏற, கூட ஏறவேண்டிய அமுக்கம்
மூன்று தசம் எட்டைத் தொட்டுவிட்டு
மூன்றுக்குச் சரிந்து கிடந்தது.
பம்ப் சாகுது, நுஸ்கி.
ட்யூன் பண்ண இதில் ஒன்றுமில்லை.
அவன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான்.

காலை எட்டு மணி, ஹாஜியாரின் நெற்கடை.
இங்கே நான் ஈரம் பார்ப்பவன்.
ஆதம்பாவா காக்காவின் மூட்டையிலிருந்து
ஒரு பிடி அள்ளி மீட்டருக்குள் போட்டேன்.
பதினேழு.
அவர் ஒரு மணியைக் கடித்தார்.
டிக்.
"காஞ்ச நெல்லு, தம்பி."
உடைந்த இரண்டு பாதியையும்
உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

இந்த மீட்டரில் இரண்டைக் கூட்டி வைத்தது
யார் என்று எனக்குத் தெரியும்.
எந்தத் திருகாணி என்றும் தெரியும்.
நகத்துக்குள் இன்னும் நேற்றைய கரி,
ஒரு போல்ட்டுக்காக மல்லாந்து கிடந்த கை.

கொப்பியைத் திறந்து
ஒன்று எழுதிவிட்டேன்.
ஒன்றில் பொய்யில்லை.
அடுத்த இலக்கத்தில்
பேனை நிற்கிறது.
பின்னால்
ஹாஜியார் தேத்தண்ணி கலக்கும் கரண்டிச் சத்தம்.